கை முதலில், திரை பிறகு

பக்கவாதம் வந்த காலைத் தேய்த்துவிட்டால் நடை வந்துவிடும் என்று தென்காசிப் பக்கம் பல வீடுகளில் மாதக்கணக்கில் எண்ணெய் தேய்க்கிறார்கள். தேய்ப்பது இதமாக இருக்கும், நடை வராது. மூளை நடையை மறுபடி கற்க, சரியான அடியைப் பலநூறு முறை எடுத்துவைக்க வேண்டும்.

அந்த அடியைக் கற்றுக்கொடுப்பது கை. இயன்முறை மருத்துவராக நான் இடுப்பெலும்பில் ஒரு கையும் முழங்காலுக்கு மேல் ஒரு கையும் வைக்கிறேன். வலுவிழந்த காலில் எடை இறங்கும்போது கீழ்நோக்கி அழுத்துவேன். இடுப்பு முன்னே நகரும்போது லேசாக எதிர்த்துத் தடுப்பேன். அந்தத் தடை தசையை எழுப்பும். 1940களில் அமெரிக்காவில் ஹெர்மன் காபட்டும் மார்கரெட் நாட்டும் வளர்த்தெடுத்த முறையில் வருவது இது.

கால் ஓரளவு சொன்னபடி கேட்கத் தொடங்கியதும் மெய்நிகர் பயிற்சி. திரையில் கட்டை வரும், தாண்ட வேண்டும். குட்டை வரும், விலக வேண்டும். கூடத்தில் நாலு சுற்று நடந்ததுமே "போதும் தம்பி" என்று உட்கார்ந்துவிடும் ஆச்சிகூட, திரைக்கு முன்னால் உட்கார மறுப்பார். முகத்தில் மாட்டும் கருவியைவிடப் பெரிய டிவியே வயதானவர்களுக்கு நல்லது என்பேன்: தலைசுற்றல் குறைவு, தன் காலையும் பார்க்கலாம்.

ஆனால் பல விளையாட்டுகள் தாண்டினாரா என்றுதான் பார்க்கும். எப்படித் தாண்டினார் என்று பார்க்காது. முழங்காலை மடக்காமல் காலை வட்டம் போட்டு வீசினாலும் புள்ளி விழும். அதனால் விளையாட்டின்போதும் என் கை இடுப்பை விடாது. 72 ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கையில், நடை வேகத்தில் மெய்நிகர் பயிற்சி வழக்கமான சிகிச்சையை விஞ்சியதாகத் தெளிவான சான்று இல்லை. கருவி வாங்கியதும் கையை எடுத்துவிடுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

10 மீட்டரை 12, 13 விநாடியில் கடப்பவரைத் துணையோடு காசி விசுவநாதர் கோயிலுக்கு அனுப்புவேன். கோபுர வாசலில் எதிர்த்துத் தள்ளும் காற்றில் நிலைகுலையாமல் நடப்பது எந்தத் திரையும் தராத பயிற்சி. குற்றாலப் பேரருவிக் குளியல் மட்டும் கூடாது. வழுக்குப் பாறையை மரத்த பாதம் உணராது. தண்ணீர் விழும் வேகத்தை வலுவற்ற தோள் தாங்காது.

சிகிச்சைக்கு வர முடியாதவர்கள் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கேளுங்கள். வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை வரும். ஆய்க்குடியில் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கமும் இருக்கிறது. திரை இல்லாத வீட்டில் தரையில் வண்ண நாடா ஒட்டித் தாண்டச் சொல்லுங்கள், இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்தபடி. வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்து மட்டும் யாரையும் எழுப்பாதீர்கள்.