சின்னமும் தீவும்

திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள யாழினி,

உன் கற்பனை உலகின் வரைபடம் வந்து சேர்ந்தது. ஏழு தீவு, ஏழு கொடி. படம் அழகுதான். ஆனால் டிராகன் கொடியையும் கழுகுக் கொடியையும் இடம் மாற்றி நட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது போலிருக்கிறதே!

இப்படி உலகை வரைந்து காட்டும் வேலையில் நம் ஊருக்குப் பழைய புகழ் உண்டு. காஞ்சியில் பல்லவன் சிம்மவர்மன் ஆண்ட 22ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி என்ற சமண முனிவர் பாடலிகையில் உலகின் அமைப்பை விவரிக்கும் 'லோகவிபாகம்' என்ற நூலை எழுதி முடித்தார். பாடலிகை நம் திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. மூலம் தொலைந்துபோயிற்று. சிம்மசூரி பிற்பாடு வடமொழியில் செய்த நூலே மிச்சம்.

சமணர் சொல்லும் உலகின் நடுவில் நாவலந்தீவு. குறுக்களவு 1 லட்சம் யோசனை. சுற்றிலும் உப்புக்கடல், அகலம் 2 லட்சம். அடுத்து தாதகித் தீவு 4 லட்சம், காளோதக் கடல் 8 லட்சம், புட்கரத் தீவு 16 லட்சம். இப்படி ஒவ்வொரு வளையமும் இரட்டித்துக்கொண்டே போகும். புட்கரத் தீவின் பாதியில் வட்டமாக ஒரு மலை. அதற்கு அப்பால் மனிதர் கிடையாது. இரட்டிப்பு என்ற விதி தெரிந்தால் போதும், மீதி வளையங்களை நீயே போட்டுவிடலாம். உன் படத்தில் இல்லாதது அதுதான். இவ்வளவு பெரிய எண்களைக் கையாள லோகவிபாகம் பூச்சியத்தையும் இடமதிப்பையும் பயன்படுத்துகிறது. கணித வரலாறு படிப்பவர்கள் அதைத் தேடி வருவது இதற்காகவே.

கதை நிலத்தில் ஒட்டிக்கொள்வதும் இங்கேயே உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் ஒதுங்கிய இடம் என்று கரையேறவிட்டகுப்பத்தைச் சொல்வார்கள். சமணராய்த் தருமசேனர் என்ற பெயரில் அவர் இருந்ததும் பாடலிபுத்திரத்து மடத்தில்தான் என்கிறது பெரியபுராணம்; அதுவும் நம் ஊர்தான் என்பார்கள்.

இனி கொடி. சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் 24 பேரும் சிலையில் பெரும்பாலும் ஒரே சாயல். பீடத்தைக் குனிந்து பார்த்தால்தான் ஆள் தெரியும்: காளை என்றால் ரிஷபர், சங்கு என்றால் நேமிநாதர், சிங்கம் என்றால் மகாவீரர். சின்னத்தை எடுத்துவிட்டால் குழப்பம்தான்.

சோழர் முத்திரையோ வம்புக்கு நிற்கும். ராஜேந்திரனின் செப்பேட்டு முத்திரையில் புலி உட்கார்ந்திருக்க, பாண்டியரின் இரட்டைக் கயலும் சேரரின் வில்லும் கூடவே இருக்கும். மேலே குடை, இருபுறமும் சாமரம். தோற்றவனின் சின்னத்தைத் தன் முத்திரையிலேயே பொறித்துக்கொள்கிற அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

உன் ஏழு தீவுகளில் யார் யாரிடம் தோற்றார்கள் என்று முதலில் எழுதி அனுப்பு. கொடிகளை அப்புறம் வரையலாம்.

அன்புடன்,
மாமா