வெல்லக் கொப்பரையும் மின்நிலையமும்

மாணவர்களே! கள்ளக்குறிச்சிப் பக்கம் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் கரும்புச் சக்கை போடுவதை நிறுத்தினால் தீ விரைவில் அடங்கிவிடும். கொப்பரைப் பாகின் சூடு மெல்லத்தான் தணியும்.

இதைக் கணக்காக்குவோம். பாகு, சுற்றியுள்ள காற்றைவிட 80 டிகிரி அதிகச் சூட்டில் இருப்பதாகவும், அந்த அதிகச் சூடு நிமிடந்தோறும் பத்தில் ஒரு பங்கு குறைவதாகவும் கொள்வோம். முதல் நிமிட முடிவில் 72, அடுத்து 64.8, பிறகு 58.3. இவ்வாறு மாற்றத்தைப் படிப்படியாகக் கணிப்பதே 'இயக்க மாதிரி' எனப்படும்.

எரிபொருள் மின்கலமும் வாயு டர்பைனும் இணைந்த மின்நிலையத்துக்கு இது மிகவும் தேவை. பீங்கான் போன்ற பொருளாலான மின்கலம், 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், எரிவாயுவிலிருந்து நேரடியாக மின்சாரம் தருகிறது. வெளிவரும் சூடான வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் கம்ப்ரசரை ஓட்டி, மின்கலத்துக்குக் காற்றை அனுப்புகிறது. அந்தக் காற்றே மின்கலத்தைக் குளிர்விக்கவும் செய்கிறது.

டர்பைனின் வேகம் நொடிகளில் மாறும். மின்கலத்தின் சூடு மாற நெடுநேரமாகும். இரண்டும் இசையாவிட்டால் மின்கலம் விரிசல் விடலாம். 2000-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் இர்வைன் நகரில் இத்தகைய 220 கிலோவாட் நிலையம் சோதிக்கப்பட்டது. இப்படிப்பட்ட நிலையத்தில் தவறு செய்து கற்பது பெருஞ்செலவு. கணிப்பொறி மாதிரியில் செய்து கற்றால் எதுவும் உடையாது.

பத்தாம் நிமிட முடிவில் பாகின் அதிகச் சூடு எவ்வளவு? நீங்களே கணித்துப் பாருங்கள். (விடை: சுமார் 28 டிகிரி.)