பொந்தியான் படகு யாருடையது?

பழைய மரப்படகு ஒன்று மண்ணிலிருந்து வெளிப்பட்டால், "சோழர் காலத்துப் படகோ?" என்பதே நம்மில் பலருக்கு முதலில் எழும் கேள்வி. கடாரம் கொண்ட இராசேந்திரனைத் தமிழ்ப்பள்ளியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஒரு படகின் பிறப்பிடத்தை நம் ஆசை முடிவு செய்ய இயலாது. அதன் மரமும் நாரும் கட்டுமானமுமே சொல்ல வேண்டும். அதற்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

1926ஆம் ஆண்டில் பகாங்கின் தென்பகுதியிலுள்ள பொந்தியானில் ஒரு பழம்படகின் சிதைவுகள் கிடைத்தன. (ஜொகூரின் பொந்தியான் வேறு.) அருங்காட்சியகப் பணியிலிருந்த ஐவர் எவன்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார்.

முதல் கேள்வி, காலம். மரம் உயிரோடிருக்கும்போது கரிமம்-14 என்னும் அணுவை ஏற்றுக்கொள்கிறது. மடிந்தபின் அது 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகிறது. மிஞ்சியிருப்பதை அளந்தால் மரத்தின் வயது தெரியும். பின்னாளில் நடந்த இச்சோதனை, பொந்தியான் மரத்தின் காலத்தைக் கி.பி. 260க்கும் 430க்கும் இடைப்பட்டதாகக் காட்டியது. இராசேந்திரனின் படையெடுப்பு நடந்ததோ 1025இல். ஏறத்தாழ 600 ஆண்டு இடைவெளி!

அப்படியானால் அதற்கு முன் வந்த தமிழ் வணிகரின் படகாக இருக்கலாமே? இப்படகின் பலகைகள் நாரால் தைக்கப்பட்டவை. சோழமண்டலக் கரையின் மசூலா படகும் தைத்ததுதான். இந்த ஒற்றுமை நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். வேற்றுமைகளைக் கவனிப்போம்.

மசூலா படகு தேங்காய் நார்க் கயிற்றால் தைக்கப்படுவது. அதற்கு உள்ளே விலாச்சட்டங்கள் கிடையா. பொந்தியான் படகைத் தைத்ததோ 'ஈஜோக்' எனப்படும் கபோங் பனையின் கருநார். பலகைகளின் விளிம்புகளை மர ஆணிகளும் இணைத்தன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, பலகையைச் செதுக்கும்போதே உட்புறத்தில் விட்டுவைத்த துளையுள்ள மரக்குமிழ்கள். விலாச்சட்டங்களை அவற்றோடு கயிற்றால் பிணைப்பார்கள். பிலிப்பைன்ஸின் புத்துவானில் கிடைத்த படகுகளிலும் இதே குமிழ்களைக் காணலாம். இது தென்கிழக்காசியக் கடலோடிகளின் கைவண்ணம் என்பது இதனால் தெளிவாகிறது.

இதனால் நமக்கு இழப்பு உண்டா? இல்லை. தென் தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில், 'பெரும்பதன் கல்' எனத் தமிழ்ப் பிராமியில் பொறித்த பொற்கொல்லரின் உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. அது கி.பி. 3-4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய இப்படகு மிதந்த அதே காலம். தமிழர் இப்பகுதிக்கு வந்தனர் என்பதற்கு அந்தக் கல்லே சான்று. அதற்காகப் பிறர் தைத்த படகை நமதென்று சொல்ல வேண்டியதில்லை.

இந்நாட்டு வரலாற்றில் நம் பங்கைப் பிறர் மறைக்கும்போது நாம் வருந்துகிறோம். பிறர் பங்கை மறைக்காமலிருப்பது நம் கடமையும் அன்றோ? பொற்கொல்லரின் கல் நம்முடையது, படகு இம்மண்ணினுடையது. இரண்டையும் அறிந்து போற்றுவோம்.