வயது வந்தபின் பல்லுக்குக் கம்பியா?

கேள்வி: எனக்கு 38 வயது. முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இந்த வயதில் கம்பி கட்டினால் பற்கள் ஆடி விழுந்துவிடும் என்று வீட்டார் தடுக்கிறார்கள். உண்மைதானா?

பதில்: உண்மையன்று, அம்மணி. சுவரில் அறைந்த ஆணியைப் போலப் பல்லும் எலும்பில் அசையாது இறுகியிருப்பதாக நாம் கருதிக்கொள்வதே இந்தப் பயத்துக்கு மூலகாரணம். வேருக்கும் தாடையெலும்புக்கும் இடையே மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று உண்டு. கம்பியின் மிதமான அழுத்தம் அதன் வழியே எலும்பை எட்டுகையில், பல் நகரும் திசையில் எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வழிவிட, பல் விட்டு வந்த பக்கத்தில் புதிய எலும்பு வளர்ந்து இடத்தை நிரப்புகிறது. சிகிச்சைக் காலத்தில் பல் சற்று ஆடுவது இதனாலேயே. எலும்பின் இந்தச் சக்தி ஆயுள் முழுவதும் நீடிப்பது; வயது ஏறினால் வேகம் சற்றுக் குறையலாம். வயதைக் காட்டிலும் பிரதானமானது ஈறுகளின் ஆரோக்கியம். அவற்றில் இரத்தக் கசிவோ சீழோ இருப்பின், அதைக் குணப்படுத்திய பிறகே கம்பியை நினைக்க வேண்டும்.

இடம் போதாமல் ஓரிரு பற்களை எடுக்க நேர்ந்தால், மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்றும் யாரேனும் சொல்லக்கூடும். பல்லுக்குரிய நரம்பு வேறு, பார்வைக்குரிய நரம்பு வேறு, தயங்க வேண்டியதில்லை.

எனக்கு மிகுந்த கவலை தருவது, கம்பியைக் கழற்றிய அன்றே சிகிச்சை பூர்த்தியாகிவிட்டதென்று பலர் எண்ணுவதுதான். நகர்ந்த பற்கள் பழைய இடத்துக்கே திரும்ப முயலும் சுபாவமுடையவை. ஆதலால் பற்களை நகராமல் பிடித்துவைக்க மருத்துவர் தரும் ரிடெய்னர் என்ற சாதனத்தை, அவர் நிறுத்தச் சொல்லும்வரை, இரவுதோறும் தவறாமல் அணியுங்கள்.