உடலின் மதகு: உப்பும் நீரும் காக்கும் சிறுநீரகம்

சித்திரை வெயிலில் கிராமங்களைச் சுற்றி வருங்கால், களையெடுக்கும் பெண்களிடம், "போதிய தண்ணீர் குடிக்கிறீர்களா, அம்மா?" என்று நாம் வினவுவதுண்டு. "குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே, ஐயா" என்று பலர் விடை பகர்ந்துள்ளனர். இவ்விடை நம் அனைவரின் சிந்தனைக்கும் உரியது. உடல் தன் நீரை எவ்வாறு காக்கிறது என்பதை அறிந்தால், இவ்வழக்கத்தின் தீங்கு புலனாகும்.

முதுகெலும்பின் இருபுறமும், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, அவரை விதையின் வடிவில் இரு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மூடிய கையளவே. எடை ஏறத்தாழ 150 கிராம். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. நம் உடலில் இரத்தம் சுமார் 5 லிட்டரே. அதுவே திரும்பத் திரும்ப வந்து வடிகட்டப்படுவதால், நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரும், அதில் கரைந்த ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட உப்பும் வடிகின்றன. ஆயினும் வெளியேறும் சிறுநீர் ஒன்று அல்லது இரண்டு லிட்டர்; உப்பு சில கிராம். எஞ்சியவை இரத்தத்திற்கே மீள்கின்றன.

எவ்வளவு மீட்பது என்பதை யார் முடிவு செய்வது? வியர்வையால் நீர் குறைந்து, இரத்தத்தில் உப்பின் செறிவு மிகுந்தால், மூளை அதனை உணர்கிறது. தாகம் எழுகிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, நீரைச் சேமிக்குமாறு ஒரு சுரப்பு நீரின் வாயிலாகக் கட்டளை அனுப்புகிறது. சிறுநீர் குறைந்து அடர்மஞ்சளாகிறது. நீர் மிகுதியாகப் பருகினால் கட்டளை தளர்கிறது. சிறுநீர் தெளிந்து பெருகுகிறது. உடலில் உப்புக் குறையுங்கால், சிறுநீரகத்தின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பி அதனை மீட்கச் செய்கிறது.

ஏரியில் நீர் வற்றும்போது மதகை இறக்குகிறோம். அதனால் இருக்கும் நீர் நிற்குமேயன்றி, ஏரி நிரம்பாது. சிறுநீரகமும் நீரைச் சேமிக்க வல்லது, உண்டாக்க வல்லதன்று. கழிவுகளைக் கரைத்து அகற்ற, நாளொன்றுக்கு அரை லிட்டர் சிறுநீரேனும் கழிய வேண்டும். கடும் வெயிலில் உழைப்போர்க்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வியர்வை வெளியேறலாம். அந்நீரை ஈடு செய்யாது நாள்தோறும் உழைத்தால் கல் தோன்றலாம்; சிறுநீரகமே பழுதுறலாம். சிறுநீரை அடக்குவதும் நோய்த்தொற்றுக்கு இடமளிக்கும்.

ஆதலின் தாகம் முற்றும்வரை காத்திராமல், இடையிடையே நீர் அருந்துக. வியர்வையில் போகும் உப்பைப் பெரும்பாலும் அன்றாட உணவும், சிறிது உப்பிட்ட கஞ்சியும் மோருமே ஈடு செய்யும். ஊறுகாயும் கருவாடும் அளவு மீறலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தமோ, இதய நோயோ, சிறுநீரக நோயோ உடையவர்கள் மருத்துவர் கூறும் அளவைப் பின்பற்றுக.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை நடக்கும் இடத்தில் நிழலில் ஒரு குடிநீர்ப் பானையும், பெண்கள் ஒதுங்க அருகில் ஒரு மறைவிடமும் அமைப்பது பெருஞ்செலவன்று. பானை மட்டும் வைத்தால் பணி பாதியே முடிந்ததாகும்.