பூசையில் பாடுவது யார்?



ஹெந்தளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை நினைத்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் பிறந்து வளர்ந்து, பின்னர் களனி ஆற்றைக் கடந்து வத்தளை, ஹெந்தளைப் பக்கமாக வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல. அத்தகைய குடும்பமொன்று கோவிலுக்குப் புறப்படுகிறது. அம்மம்மாவின் கையில் செபமாலையும் பழைய பாட்டுப் புத்தகமும். பேரனின் தோளில் கித்தார். போகும்போது எல்லாரும் ஒன்றாகவே போகிறார்கள். பூசை முடிந்து வீடு திரும்பியதும் வாக்குவாதம் தொடங்குகிறது.

“இது பூசையா, கச்சேரியா? டிரம்ஸ் சத்தத்தில் சுவாமி சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை” என்கிறார் தகப்பன்.

“அப்படியென்றால் நாங்கள் வாசிக்க வேண்டாமா அப்பா? செபக்கூட்டம் நடத்துகிறவர்கள் எங்களை அங்கே வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்” என்கிறான் மகன்.

அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த பாட்டு ஒன்றுகூட அன்று பாடப்படவில்லை.

இது உங்கள் வீட்டுக் கதைபோல் இருந்தால் அதில் வியப்பில்லை. தகப்பன் சொல்வதிலும் நியாயம் உண்டு. மகன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மூவரில் யாருடைய குறையை நாம் முதலில் கேட்க வேண்டும்? திருச்சபையின் போதனையைக் கொண்டு இதைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பாட்டு வந்த வழி

1983ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துப் புறநகரொன்றில் பெந்தகோஸ்து மரபைச் சேர்ந்த சபையொன்று தொடங்கப்பட்டது. பின்னாளில் ஹில்சோங் என்று உலகெங்கும் அறியப்பட்டது அதுவே. அச்சபையைச் சேர்ந்த டார்லின் செக் என்னும் பெண்மணி 1993இல் இயற்றிய ‘ஷௌட் டு த லோர்ட்’ என்னும் பாட்டு, கடல் கடந்து, சபை கடந்து, கத்தோலிக்க இளைஞர் கூட்டங்களிலும் பாடப்படலாயிற்று. கித்தார், கீபோர்ட், டிரம்ஸ், ஒலிவாங்கியுடன் முன்னின்று பாடும் சிலர் என்ற அமைப்பு பரவியதில் இத்தகைய சபைகளுக்குப் பெரும் பங்குண்டு. நமது திருச்சபைக்குள்ளும், 1967இல் அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் நகரிலுள்ள டுக்கேன் பல்கலைக்கழக மாணவரிடையே தொடங்கிய அருங்கொடை மறுமலர்ச்சி, புகழ்ச்சிப் பாடல்களுக்கு ஏற்கெனவே வழி திறந்திருந்தது.

இங்கே நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பாடல்கள் முதலில் ஓர் ஊரின் சபையார் தங்கள் ஞாயிறு ஆராதனையில் பாடுவதற்காகப் பிறந்தவை. உலகம் கேட்டது அதற்குப் பிறகுதான். நாமோ பெரும்பாலும் அந்த ஓசையை எடுத்துக்கொள்கிறோம்; அது தன் ஊர்ச் சபையில் வேரூன்றியிருந்ததை மறந்துவிடுகிறோம்.

வேறுபாடு ஒன்றும் உண்டு. அவர்களுடைய ஆராதனையில் பாட்டும் பிரசங்கமும் பெரும் பகுதியை நிரப்புகின்றன. ஆகவே இசைக்குழு நடுவில் நிற்பது அங்கே இயல்பு. நமது வழிபாட்டின் நடுவில் பலிபீடம் இருக்கிறது. இது அவர்களைக் குறை கூறுவதற்காகச் சொல்வதல்ல. நமது வீட்டின் அமைப்பு வேறு என்பதை நினைவூட்டுவதற்காகவே.

தடையும் திறப்பும்

“கோவிலில் டிரம்ஸ் அடிக்கச் சட்டமில்லை” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், இசையின் பாதுகாவலியாகிய புனித செசிலியம்மாளின் திருநாளன்று, பாப்பரசர் புனித பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றி ஒரு கட்டளை வெளியிட்டார். பியானோவும், முரசு, கைத்தாளம் போன்ற பேரோசைக் கருவிகளும் கோவிலில் கூடா என்றும், வாத்தியக் குழுக்கள் கோவிலுக்குள் வாசிப்பது கண்டிப்பாகத் தடுக்கப்படுகிறது என்றும் அதில் அவர் விதித்தார்.

அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1963 டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய தனது சாசனத்தை வெளியிட்டது. பைப் ஓர்கனுக்கு உயர்ந்த இடத்தைக் கொடுத்துவிட்டு, மற்றக் கருவிகளையும் அந்தந்த நாட்டுத் திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு பயன்படுத்தலாம் என்று அது அனுமதித்தது. அவை தூய பணிக்கு ஏற்றவையாகவும், ஆலயத்தின் மாண்புக்குப் பொருந்தியவையாகவும், விசுவாசிகளின் பக்தியை உண்மையாக வளர்ப்பவையாகவும் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

அப்படியானால் திருச்சபை தன் மனத்தை மாற்றிக்கொண்டதா? கருவிகளைப் பற்றிய ஒழுங்கு மாறியது உண்மை. ஆனால் ஒன்று மாறவில்லை. முரசைத் தடுத்த அதே 1903ஆம் ஆண்டுக் கட்டளையில்தான், விசுவாசிகள் திருவழிபாட்டில் செயலூக்கத்தோடு பங்குகொள்ள வேண்டும் என்ற கருத்து அழுத்தமாக எழுந்தது. சங்கம் தன் சாசனம் முழுவதிலும் வலியுறுத்தியதும் அதே கருத்துத்தான். அன்று கருவியைத் தடுத்ததும், பின்னர் அதற்கு இடம் கொடுத்ததும் மக்கள் தங்கள் வழிபாட்டில் முழுமனத்தோடு ஈடுபடுவதற்காகவே.

பெரியவர்களும் ஒன்றை மறந்துவிடலாகாது. “நம் பழைய ஆர்மோனியம் போதாதா?” என்கிறோம். அந்த ஆர்மோனியமும் 1842இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்ற ஒரு புதுக் கருவிதான். ஒரு காலத்தில் அந்நியமாக வந்ததே நமக்குப் பழையதாகிவிட்டது.

நமது மண்ணிலே இதற்கு இன்னும் முந்திய சான்று உண்டு. 1705இல் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், ஒல்லாந்தர் ஆட்சியில் நம் மக்கள் மறைந்து செபித்த நாட்களில், சிங்களத்திலும் தமிழிலும் நூல்களும் பாடல்களும் யாத்தார். சாங்கோபாங்க சுவாமி என்று நம் முன்னோர் போற்றியது அவரையே. 1742இல் போலவத்தையில் அவர் இறந்தார். அவருடைய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் வீட்டிலும் கோவிலிலும் உருக்கமாகப் படித்த தலைமுறையை நாம் அறிவோம். ஐரோப்பிய இசையை அப்படியே இறக்குமதி செய்யாமல், மக்கள் தங்கள் வாயால் உச்சரிக்கக் கூடியதை அவர் கொடுத்தார். குருவானவர் வராத நாட்களிலும் விசுவாசம் நிலைத்ததற்கு அது ஒரு துணையாயிற்று.

மௌனமான கோவில்கள்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் உயிர்த்த ஞாயிறன்று நடந்ததை நாம் மறக்க முடியாது. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு, ஏப்ரல் 28ஆம் நாள், கோவில்களில் பொதுப் பூசை இல்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லத்துச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த பூசையை நாம் தொலைக்காட்சியில் கண்டோம். 2020இல் கொரோனாத் தொற்று வந்தபோதும் அதே நிலைதான்.

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். குருவானவர் செபித்தார். பாட்டும் கேட்டது. ஆனால் வீட்டிலே நாம் எப்படி இருந்தோம்? கதிரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பலருக்குப் பதில் சொல்லவே வாய் எழவில்லை. மீண்டும் கோவிலுக்குள் நுழைந்து, பக்கத்தில் நின்றவருடைய குரலோடு நம் குரலும் சேர்ந்தபோதுதான், எதை இழந்திருந்தோம் என்று பலருக்கும் விளங்கியது.

இங்குதான் நம் கேள்வியின் மையம் இருக்கிறது. கோவில் நிறைய மக்கள் நிற்க, ஆறு பேர் மட்டும் பாட, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு நின்றால், நாம் மறுபடியும் தொலைக்காட்சியின் முன்னே உட்கார்ந்திருக்கிறோம். ஆறு பேரும் கித்தார் வாசித்தாலென்ன, ஆர்மோனியத்தோடு நான்கு குரல்களில் பாடினாலென்ன, குறை ஒன்றுதான்.

எதை முதலில் பாடுவது?

சங்கத்தின் போதனையைச் செயற்படுத்துவதற்காக 1967ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் உரோமை வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுறுத்தல், பாடப்படும் பகுதிகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறது.

முதற்படியில் குருவானவருக்கும் மக்களுக்கும் இடையிலான வாழ்த்தும் பதிலும், நற்செய்தி வேளையின் ஆர்ப்பரிப்பு, தொடக்கவுரையும் தூயவர் பாடலும், கர்த்தர் கற்பித்த செபம், பிரியாவிடை ஆகியவை அடங்கும். இரண்டாம் படியில் ஆண்டவரே இரக்கமாயிரும், உன்னதங்களிலே, விசுவாசப் பிரமாணம், விசுவாசிகளின் மன்றாட்டு, செம்மறி மன்றாட்டு ஆகியவை வரும். வருகைப் பாட்டு, காணிக்கைப் பாட்டு, நற்கருணைப் பாட்டு முதலியவை மூன்றாம் படியில்தான் வருகின்றன. முதற்படியைத் தனியாகப் பாடலாம்; ஆனால் அதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பாடலாகாது என்பது ஒழுங்கு.

நம் பங்குகளில் நடப்பதென்ன? மூன்றாம் படியிலேயே தொடங்கி, அங்கேயே முடித்துவிடுகிறோம். நற்கருணைப் பாட்டுக்கு மூன்று கிழமை ஒத்திகை. ‘ஆமென்’ என்ற பதிலுக்கு ஒத்திகையே இல்லை! அம்மம்மாவுக்குப் புதுப் பாட்டு தெரியாது. ஆனால் தூயவர் பாடலும், கர்த்தர் கற்பித்த செபமும், ஆமெனும் அவருக்குத் தெரியும். அவற்றை நாம் பாடியிருந்தால் அவரும் பாடியிருப்பார்.

இசைக்குழுவினருக்குச் சில குறிப்புகள்

1. குரலை மூட வேண்டாம். பாட்டின் சொற்கள் விளங்காத அளவுக்குக் கருவிகள் ஒலிக்கக் கூடாது என்றும், குருவானவரோ பணியாளரோ தமக்குரிய பகுதியை உரத்துச் சொல்லும்போது கருவிகள் அமைதியாக இருக்க வேண்டும் என்றும் மேற்சொன்ன அறிவுறுத்தலே கூறுகிறது. எழுந்தேற்ற வேளையில் கித்தார் மெல்ல ஒலிப்பது அழகென்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

2. பூசையின் சொற்களை மாற்ற வேண்டாம். உன்னதங்களிலே, தூயவர், செம்மறி மன்றாட்டு ஆகியவற்றுக்குப் பதிலாக வேறு பாட்டைப் பாட அனுமதியில்லை. புதிய இராகம் அமைக்கலாம், சொற்கள் திருச்சபையுடையவை.

3. காலத்தை மதியுங்கள். தவக்காலத்தில் கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம். தவக்காலத்தின் 4ஆம் ஞாயிறும், அக்காலத்தில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் இதற்கு விலக்கு.

4. நீங்களும் இறைமக்களே. பாடகர் குழாம் கூடியிருக்கும் சபையின் ஒரு பகுதி என்பது தெளிவாகத் தெரியும் இடத்தில், அதன் உறுப்பினர் நற்கருணையில் எளிதாகப் பங்குகொள்ளும் வகையில் அமர வேண்டும். மறையுரை வேளையில் வெளியே நின்று, பாட்டு வேளையில் உள்ளே வருவது பங்கின் இசைக்குழு செய்யக் கூடியதல்ல.

5. அயலவருடைய மொழியையும் எண்ணுங்கள். ஹெந்தளையில் சிங்களமும் தமிழும் பேசுவோர் ஒரே சுற்றுப்பிரகாரத்தில் நடக்கிறார்கள். பிரான்ஸ் நாட்டில் 1940இல் சகோதரர் ரொஜே தொடங்கிய தெய்சே குழுமத்திலும் பல மொழி இளைஞர்கள் கூடியபோது இதே சிக்கல் எழுந்தது. ஷாக் பெர்த்தியே என்னும் இசையமைப்பாளர், திரும்பத் திரும்பப் பாடக்கூடிய சிறு வரிகளை அவர்களுக்கு அமைத்துக் கொடுத்தார். புத்தகமின்றி, ஒரே தடவை கேட்டுப் பாடிவிடலாம். திருநாட் காலத்தில் இரு மொழியாரும் சேர்ந்து பாட இத்தகைய எளிய பல்லவிகளை நம் இளைஞர்களும் அமைக்கலாமே!

கடைசியாக, எளிய சோதனை ஒன்று. பாட்டின் இறுதிப் பல்லவியில் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிடுங்கள். ஒலிவாங்கியிலிருந்தும் விலகி நில்லுங்கள். அப்போது கோவிலில் என்ன கேட்கிறது? மக்களின் குரல் கேட்டால், உங்கள் இசைக்குழு பங்கில் வேர் பிடித்துவிட்டது. மௌனம் கேட்டால், அதுவரை நீங்கள் மட்டுமே பாடியிருக்கிறீர்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

தன் மகன் கித்தாருடன் கோவிலுக்குப் போகிறான் என்றால், அதற்காக முதலில் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள். அவன் போகாமல் இருந்திருக்கலாம். அவனை அதட்டித் துரத்தினால் டிரம்ஸ் சத்தம் ஓயும். அவனுடைய இடமும் வெறுமையாகும். கடைசிச் சங்கீதம் எக்காளத்தையும் யாழையும் மேளத்தையும் தாளத்தையும் ஒன்றாகக் கடவுளின் புகழுக்கு அழைக்கிறது; ஆனால் மூச்சுள்ள யாவற்றையும் அழைத்துத்தான் முடிகிறது. ஆகவே ஒத்திகைக்கு நீங்களும் ஒரு நாள் போய் அமருங்கள். புதுப் பாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். பழைய பாட்டொன்றைக் கற்றுக்கொடுங்கள்.

இளைஞரே, உங்களுக்கும் ஒன்று. பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை அதிகம் கவர்ந்த வேளைகளில், தாம் தவறிவிட்டதாகப் புனித அகுஸ்தீனார் தம் வாழ்க்கையை வெளிப்படுத்திய நூலில் ஒப்புக்கொள்கிறார். அத்தனை பெரிய மறைவல்லுநருக்கே அந்த அச்சம் இருந்ததென்றால், நமக்கு இருப்பதில் வெட்கமில்லை. இந்த வாரம் ஒத்திகை முடிந்ததும் உங்கள் அம்மம்மாவிடம் போய், அவருக்குப் பிடித்த பாட்டு எதுவென்று கேளுங்கள். அதற்குக் கித்தாரில் சுருதி சேருங்கள். வருகிற ஞாயிறு அதைப் பாடும்போது, முன் வாங்கிலிருந்து ஒரு நடுங்கும் குரல் உங்களோடு சேரும். அந்தக் குரலுக்குத் துணைபோகத்தான் நீங்கள் அங்கே நிற்கிறீர்கள்.

குடும்பத்தில் கலந்து பேச:

1. சென்ற ஞாயிறு பூசையில் நம் வீட்டார் எத்தனை பேர் வாய் திறந்து பாடினோம்? பாடாதவர் ஏன் பாடவில்லை?

2. நம் பங்கில் குருவானவரின் வாழ்த்துக்கும் செபங்களுக்கும் உரிய பதில்களைப் பாடுகிறோமா?

3. வீட்டுச் செபத்தில் எல்லாரும் சேர்ந்து பாடக்கூடிய பாட்டு ஒன்று நமக்கு உண்டா? இல்லையெனில், இன்றிரவு எதைத் தொடங்கலாம்?