கேலிச்சித்திரக்காரர் கண்ட மழைத்தெய்வம்

அன்புள்ள தம்பிக்கு,

மெக்சிகோவின் மிகேல் கோவாருபியாஸ் பற்றிய உன் கட்டுரையைப் படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் அவர் நடுவயதில் கேலிச்சித்திரத்தைக் கைவிட்டு அறிஞராகிவிட்டார் என்று நீ முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீ மட்டுமல்ல, பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். வேனிட்டி ஃபேர், நியூயார்க்கர் இதழ்களுக்கு வரைந்தவர் ஒருவர், பாலித் தீவையும் மெக்சிகோவின் பழைய ஓல்மெக் பண்பாட்டுச் சிற்பங்களையும் ஆராய்ந்தவர் வேறொருவர் என்பது போல. அவர் எதையும் கைவிடவில்லை என்பதே என் கட்சி. முகம் பார்க்கும் தொழிலைத்தான் 1957இல் இறக்கும்வரை செய்தார்.

மூக்கைப் பெரிதாக்குவதுதான் கேலிச்சித்திரம் என்ற எண்ணத்தை முதலில் விடு. ஒரு முகத்தில் எதையெல்லாம் நீக்கினாலும் ஆள் தெரிவார், எதை நீக்கினால் ஆளே காணாமல்போவார் என்று கண்டறிவதுதான் அந்தக் கலை. பத்தொன்பது வயது நிறையுமுன், 1923இல் நியூயார்க்குக்கு வந்தவர் அதில் எவ்வளவு விரைவாகத் தேர்ந்தார் என்பதற்கு 1925இல் வந்த அவரது முதல் கேலிச்சித்திர நூலே சான்று. பிறகு வேனிட்டி ஃபேர் முதலிய இதழ்களில் நடக்கவே முடியாத சந்திப்புகளை வரைந்தார். ஃபிராய்டின் எதிரே நடிகை ஜீன் ஹார்லோ, ஸ்டாலினுக்கு எதிரே உடை வடிவமைப்பாளர் ஸ்கியாபரெல்லி. சம்பந்தமில்லாத இரு முகங்களை அருகருகே வைத்து, எது ஒக்கிறது, எது முரண்படுகிறது என்று பார்க்கும் இந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்.

இப்போது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பூர்வகுடிக் கலை பற்றிய அவரது 1957ஆம் ஆண்டு நூலில் உள்ள மழைத்தெய்வ வரைபடத்தை எடுத்துப் பார். நூறு பக்க ஆய்வுரைக்கு நிகரானது அது. அடியில் ஓல்மெக் முகமூடி: தடித்த மேலுதடு, கீழ்நோக்கி வளைந்த வாய், பிளவுண்ட தலை, ஜாகுவார் (அமெரிக்கச் சிறுத்தை) முகச்சாயல். அதிலிருந்து கிளைகள் மேலெழுகின்றன. மத்திய மெக்சிகோவின் த்லாலோக், ஓஹாகாவின் கோசிஹோ, மாயர்களின் சாக், வெராக்ருஸின் தாஹின். உதடு சுருளாகிறது, பல் நீள்கிறது, கண்ணைச் சுற்றி வளையம் வருகிறது. ஆனாலும் வாயின் சாயல் தொடர்கிறது. கல்வெட்டு பேசாத இடத்தில் வாயின் வளைவை வைத்தே காலவரிசை சொல்கிறார். நடக்கவே முடியாத சந்திப்புகளை வரைந்த கைதான் இதையும் வரைந்தது. செங்கலுக்கு மண் வெட்டிய டிலாட்டில்கோ என்ற இடத்தில் கிடைத்த சுடுமண் பொம்மைகளில் ஓல்மெக் முகத்தை அவர் இனங்கண்டதும் இந்தக் கண்ணால்தான்.

வேண்டியதை மட்டும் எடுத்து மிகைப்படுத்துபவனை அறிவியலில் எப்படி நம்புவது என்று கேட்பாய். தேர்ந்தெடுப்பது பொய் சொல்வதாகாது. தேர்ந்தது பிறர் சோதிக்கும்படி இருக்கிறதா என்பதே கேள்வி. 1942இல் டுக்ஸ்ட்லா குட்டியெரஸ் மாநாட்டில் ஓல்மெக்கே மூத்த பண்பாடு என்று அவரும் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காஸோவும் வாதிட்டார்கள். மாய எழுத்தில் பேரறிஞரான எரிக் தாம்சனோ அதைப் பிற்காலத்தது என்று மறுத்தார். ஓல்மெக் ஊரான லா வென்டாவின் கரிமக் காலக்கணிப்பு 1957இல் வெளியானபோது, மாயர்களின் பொற்காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த ஊர் செழித்தது தெரிந்தது. பட்டம் பெற்ற பலரைவிட அந்தச் சித்திரக்காரரின் கண் சரியாகப் பார்த்திருந்தது. பட்டத்தைப் பார்த்து மதிப்பு போடும் பழக்கத்தை நீயாவது விட்டுவிடு.

எல்லா மழைத்தெய்வங்களும் ஒரே ஜாகுவாரிலிருந்து கிளைத்தன என்பதை இன்று பலர் ஒப்புவதில்லை. அந்த மறுப்பு நியாயமானது. பக்கத்துப் பண்பாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியதைக் கிளைப்படம் காட்டாது. ஓல்மெக்கின் மூப்பைச் சரியாகச் சொன்னாரே தவிர, வம்சாவளி முழுவதையும் அவர் நிறுவிவிடவில்லை. 1927இல் வந்த ஹார்லெம் சித்திரங்களிலும் பலவற்றை ஒன்றாகச் சுருக்கும் இந்தக் குறையின் வேறொரு முகத்தைக் காணலாம். தனி ஆள் எதிரே நின்றபோது பிசகாத கோடு, ஒரு மக்கள் கூட்டத்தையே ஒரு முகமாக வரையப் போனபோது, உதட்டையும் கண்ணையும் வார்ப்பாக்கிவிட்டது. பத்தாண்டு கழித்து, 1937இல் வந்த பாலி நூலில் அவர் ஊர்ச்சபையையும் வயல்நீர்ச் சங்கத்தையும் பிணம் எரிக்கும் சடங்கையும் பொறுமையாக விவரிப்பதை இதோடு வைத்துப் படி. வார்ப்பிலிருந்து அவர் எவ்வளவு தூரம் விலகினார் என்பது அங்கே தெரியும். உன் கட்டுரையின் கடைசிப் பகுதியை அங்கிருந்து தொடங்கித் திருத்தி அனுப்பு.

அன்புடன்,
உன் ஆசிரியர்